நோவில்லாத தொண்டை

நான் அந்த அநாதை இல்லத்துக்கு வந்த அன்று இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு இரண்டே துவாலைகள் இருந்தன. ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. முகம் துடைப்பதும் மூக்குத் துடைப்பதும் சாப்பிட்ட கையைத் துடைப்பதும் அதில்தான். ஒரு பிள்ளைக்குக் கண்நோய் வந்தால் ஒரே வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிடும். சிரங்கும் அப்படியே. இதற்கு மருந்து தேவையில்லை ஐயா, ஆளுக்கொரு துவாலை போதும். நான் முதலில் கேட்டு வாங்கியது அதைத்தான். ஒவ்வொன்றின் மூலையிலும் நிறநூலால் ஒரு குறி தைத்தேன். மீன், கிளி, சங்கு, வாழைப்பூ, இப்படி. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தன் குறி தெரியும் அல்லவா?

மாஜிஸ்டிரேட் ஐயா, சுடலைவடிவு என்ற பிள்ளையைப் பற்றிச் சொன்னால் போதும் என்றீர்கள். அவளைப் பற்றி மட்டும் சொன்னால் நான் செய்தது வேறு மாதிரி தோன்றும். முறையாகச் சொல்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் இரண்டு முறை எடுத்துச் சொன்னீர்கள். குமாஸ்தா அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் நீலாம்பாள். வயது முப்பத்திரண்டு. திருநெல்வேலி டவுணில், கீழ ரதவீதியை ஒட்டிய தெருவில் பிறந்தேன். பத்தொன்பது வயதில் தாலி அறுத்தேன். பிள்ளை இல்லை. ஐந்து வருஷம் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருந்தேன். பிறகு, பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் இரண்டு வருஷம் படித்தேன். வீட்டார் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். சிவபூசை செய்கிற வீட்டில் கண்ட சாதிப் பிள்ளையின் மலம் அள்ளுகிறவள் கால்வைக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லியனுப்பினார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கையை எப்படிக் கழுவுவது என்று எனக்கு இருபத்துநாலு வயது வரை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஆஸ்பத்திரியில்தான் சொல்லித் தந்தார்கள்.

இல்லம் ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, அணைக்கட்டுக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில் இருக்கிறது. முன்னே ஆறு, பின்னே வாழைத்தோட்டம். ஒரு வருஷம் வாந்திபேதியில் வயல்வேலைக்கு வந்த சனம் குடிசை குடிசையாகச் செத்தபோது, செத்தவர்களின் பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். சிவசண்முகம் பிள்ளை அந்த வயல்களின் சொந்தக்காரர். அவர் தன் நெல் களஞ்சியத்தைக் காலிசெய்து அந்தப் பிள்ளைகளுக்கு விட்டார். நல்ல மனிதர். வாரம் ஒரு முறை வருவார். வாசலிலேயே நின்று, "என்னம்மா, பிள்ளைகள்லாம் சொகந்தானா?" என்று கேட்பார். சுகம்தான் என்பேன். போய்விடுவார்.

சுகமாகத்தான் இருந்தார்கள். குடிக்கும் தண்ணீர் காய்ச்சிய தண்ணீர். வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவது. புதிதாக வரும் பிள்ளை பதினைந்து நாள் மேல்புறத்துத் தனியறையில் இருந்த பிறகுதான் கூடத்துக்கு வரும். காலையில் எல்லோரும் கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவராக வாயைத் திறக்கச் சொல்லி, குனிந்து, நாக்கையும் தொண்டையையும் பார்ப்பேன். நடக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நானே கஞ்சி ஊட்டுவேன். ஒவ்வொரு கரண்டியையும் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, ஊதித்தான் கொடுப்பேன். சமையல்காரி அன்னத்தாய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் அள்ளிப் போடுவாள்.

ஆறு வருஷத்தில் ஊருக்குள் மணல்வாரி அம்மை இரண்டு முறை வந்தது, எங்களிடம் வரவில்லை. அக்கரையில் வாந்திபேதி வந்தது, எங்களிடம் வரவில்லை. அந்த ஆறு வருஷத்தில் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பிற்பாடு நான் எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பரிதாபி வருஷம் ஐப்பசியில், அதாவது சென்ற ஐப்பசியில், செல்லையா என்ற நாலு வயதுப் பையனைக் கொண்டுவந்து விட்டார்கள். தாய் தகப்பன் இல்லை, திருவிழாக் கூட்டத்தில் கிடந்த பிள்ளை. வழக்கப்படி தனியறையில் வைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, கழுத்து வீங்கியது. வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில், காய்ச்சிய பால் ஆறினால் மேலே படருமே, அதுபோல ஓர் ஆடை படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

அந்த அறைக்குள் என்னைத் தவிர யாரையும் விடவில்லை. நான்கு நாள் அவனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடுவதற்காகக் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்ப்பான். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டான். பாயைக் கொளுத்தினேன். துணியைக் கொளுத்தினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நானும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு புடவை உடுத்து, ஒரு பகல் முழுக்கத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கூடத்துக்குள் போனேன். ஒரு துளிகூட வெளியே வந்திருக்க வழியில்லை.

கார்த்திகையில் பேச்சி என்ற இரண்டு வயதுப் பிள்ளைக்கு வந்தது. என் கையால் கஞ்சி குடித்தால்தான் குடிப்பாள், வேறு யார் கொடுத்தாலும் துப்புவாள். மூன்று நாளில் போய்விட்டாள்.

மார்கழியில் முப்பிடாதி. அவனுக்கு ஐந்து வயது.

டாக்டர் ஞானசிகாமணி பாளையங்கோட்டையிலிருந்து குதிரைவண்டியில் வந்தார். அவரைச் சிவசண்முகம் பிள்ளைவாள் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். இதற்கு ஊசிமருந்து ஒன்று இருக்கிறது ஐயா, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சென்னைப் பட்டணத்துக்குத் தந்தி கொடுத்து ரயிலில் வரவழைத்தார். வந்து சேர்ந்தபோது முப்பிடாதியைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. டாக்டர் அந்தப் பெட்டியைத் திறக்காமலே மேசைமேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க மேல தப்பு இல்லம்மா. இதவிடச் சுத்தமா யாரும் வச்சிருக்க முடியாது" என்றார்.

"அப்படியானால் எப்படி வருகிறது?" என்று கேட்டேன்.

அப்போது அவர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். "சிலபேரு இருப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. காய்ச்சல் கெடயாது, நோவு கெடயாது, நல்லாத் திரிவாங்க. ஆனா கிருமி அவங்க தொண்டையில குடியிருக்கும். அவங்க இருமினா, பேசினா, முத்தங் குடுத்தா, பக்கத்துல இருக்கிற பிள்ளைக்குப் போயிரும். சீமையில இப்பத்தான் இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க."

நோவில்லாத தொண்டை. அதற்கு முன் எனக்கு அது தெரியாது. ஆறு வருஷமாக நான் நோயாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது நோயே வராத ஆளை.

தேடினேன். செத்த மூன்று பிள்ளைகள் பக்கத்திலும் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு நாளாக யோசித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஒரு பிள்ளையிடம்தான் வந்து நின்றது.

சுடலைவடிவுக்கு ஏழு வயது. வாந்திபேதியில் அநாதையான பிள்ளைகளில் ஒருத்தி. கைப்பிள்ளையாக வந்தவள். அந்த வாந்திபேதி அவளுக்கு வரவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் சளி பிடிக்கும், இவளுக்குப் பிடிக்காது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. பேசினால் காற்றும் எச்சிலும் சேர்ந்து வரும். சின்னப் பிள்ளை எது அழுதாலும் ஓடிப்போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். தூக்கியதும் கன்னத்தில் முத்துவாள். இரண்டு வயது பேச்சி அவள் இடுப்பில்தான் பாதி நேரம் இருந்தது. முப்பிடாதியும் அவளும் ஒரு கொய்யாப்பழத்தை மாற்றி மாற்றிக் கடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செல்லையா தனியறையில் இருந்தபோது ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பனையோலைக் காற்றாடி ஒன்றை அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். சுழலவில்லை என்று அவன் திருப்பிக் கொடுத்தானாம், அவள் ஊதிக் காட்டினாளாம். அவளே என்னிடம் சொன்னாள்.

வாழைத்தோட்டத்துக்குள் மண்வெட்டி, கயிறு போட்டுவைக்கும் அறை ஒன்று உண்டு. அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பாய் போட்டு, அவளை அங்கே வைத்தேன். வேளாவேளைக்குச் சோறு போயிற்று. துன்புறுத்தினேன் என்று அன்னத்தாய் சொல்லியிருந்தால் அது சரியல்ல.

அன்னத்தாய் என்னிடம் வந்து நின்றாள். "யம்மா, அந்தச் சின்னப்பிள்ளய ஏன் அங்கன அடச்சு வச்சிருக்கிய? அதுக்குத்தான் ஒண்ணுமில்லேல்லா?"

"ஒன்றுமில்லை என்பதால்தான்" என்றேன்.

"அது எல்லாப் பிள்ளகிட்டயுந்தான் போவுது. செத்த பிள்ளகிட்ட மட்டுமா போச்சு? நானும் போறேன், நீங்களும் போறிய."

படிக்காதவளிடம் இதை விளக்க முடியாது. விளக்கப் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வடிவு அழவில்லை. முதல் நாள் மட்டும் கேட்டாள், "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று. தப்பு ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் இரு என்றேன். சரி என்றாள். அந்த அறையிலிருந்து பாடுவாள். கூடத்தில் இருக்கும் பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று திருப்பிப் பாடுவார்கள். நான் அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

தை நாலாம் தேதி டாக்டர் வந்தார். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையிலும் தடவி எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டார். இருபத்தொரு பிள்ளைகள், அன்னத்தாய், நான். பாக்கி வைக்கக்கூடாது என்று எங்களுக்கும் எடுத்தார். குழாய்கள் கிண்டியில் இருக்கும் சர்க்கார் பரிசோதனைச் சாலைக்குப் போயின. முடிவு வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார். பதினைந்து நாள் என்பது அவருக்குக் கொஞ்ச நாள். நான் ஒவ்வொரு காலையும் இருபது வாயைத் திறந்து பார்க்க வேண்டியவள்.

ஐந்து நாள்கூட ஆகவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் சின்னவள், பதினொரு மாதக் குழந்தை, பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பினாள். பார்த்தேன். ஆடை படர ஆரம்பித்திருந்தது. நல்ல வேளை, ஊசிமருந்து கைவசம் இருந்தது. டாக்டர் வந்து போட்டார், பிழைத்துக்கொண்டாள்.

வடிவு அறையில் அடைபட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவள் எப்படி அந்தக் குழந்தையிடம் வந்தாள் என்று அன்னத்தாயைக் கேட்டேன். "அது எங்க வந்துச்சு? சாவி ஒங்க இடுப்புலல்லா கெடக்கு" என்றாள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் அந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதற்குக் கம்பி உண்டு, இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளை, மெலிந்த பிள்ளை. அவள் வந்திருக்கிறாள். வராமல் குழந்தைக்கு வந்திருக்க முடியாது. இது எளிய விஷயம். எனக்கு அதில் இன்றும் சந்தேகம் இல்லை.

பூட்டு போதாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவளை அனுப்பிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளைவாளிடம் சொன்னேன். அவர் விசாரித்து, களக்காட்டில் அவளுக்கு ஒரு தாய்மாமன் இருப்பதாகக் கண்டுபிடித்து ஆள் அனுப்பினார். மாமன் பெயர் மாடக்கண்ணு. தை பன்னிரண்டாம் தேதி மத்தியானம் வந்து சேர்ந்தார். இரண்டு நாள் வண்டியும் நடையுமாக வந்தவர், தலையில் புழுதி. வாசலில் நின்றே கும்பிட்டார்.

"நான் வடிவுக்கு மாமன்மா. எங்கக்கா செத்தப்ப நான் கண்டித் தோட்டத்துல கெடந்தேன். சேதியே வரல. பிள்ள உசுரோட இருக்குன்னு முந்தாநேத்துதான் தெரியும். நான் பாவி."

உட்காரச் சொன்னேன். மோர் கொடுத்தேன். வீட்டில் யார் யார் என்று கேட்டேன்.

"பெஞ்சாதி இருக்கா. மூணு பிள்ளைய. மூத்தவளுக்கு ஆறு, அடுத்தவனுக்கு நாலு, கடைசி இன்னும் நடக்கல. இவ நாலாவது. இருக்கிற கஞ்சிய நாலாப் பங்கு வச்சிட்டுப் போறோம். ஒரே பாயில கெடந்துக்கிடும்." இதைச் சொல்லும்போது சிரித்தார். நல்ல மனிதர்.

ஒரே பாயில். அன்று சாயங்காலம் வரை எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. என் கூடத்திலிருந்து நோயை எடுத்து இன்னொரு வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைப்பது எந்த விதத்தில் நியாயம்? இங்கே துவாலையாவது தனித்தனி. காய்ச்சிய தண்ணீர் உண்டு, டாக்டர் உண்டு. அங்கே ஒன்றும் கிடையாது. அவர் பிள்ளைகள் மூன்றும் சித்திரைக்குள் போய்விடும். அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளோ. டாக்டரிடம் சொன்னால் இன்னும் முடிவு வரவில்லை, பொறுங்கள் என்பார். மாமனிடம் சொன்னால் கேட்கமாட்டார், தூக்கிக்கொண்டு போவார். இரண்டு பேர் செய்வதும் ஒன்றுதான்.

அவரை இருட்டும் வேளையில் ஜன்னல் வழியாக வடிவிடம் இரண்டு வார்த்தை பேசவிட்டு, நாளைக் காலையில் அழைத்துப் போகலாம் என்று சொன்னேன். முதல்முதலாக மாமன் வீட்டுக்குப் போகிற பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டும் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த தாயி கெணக்கா இருக்கிய" என்றார்.

மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகு, வடிவை ஆற்றுக்கு அழைத்துப் போனேன். தை மாதத்துத் தண்ணீர் தெளிவாக இருக்கும், அடியில் மணல் தெரியும். அவளுக்கு இடுப்புக்கு மேல் ஆழம் வரும் ஓர் இடம், வாழைத்தோட்டத்துக்கு நேரே, மறைவாக இருக்கிறது. நல்லெண்ணெய் தேய்த்தேன். உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தேன். பதினெட்டு நாளுக்கு மேல் யாரும் தொடாத பிள்ளை அல்லவா, என் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். ஓயாமல் பேசினாள்.

"மாமா வீட்ல ஒரு சின்னப்பிள்ள இருக்காம்லா, இன்னும் நடக்கலையாம். நான்தான் தூக்கி வச்சுக்கிடுவேன். மாமா சரின்னுட்டாவ. நான்தான் சோறு ஊட்டுவேன். பேச்சிய மாதிரி அதுவும் ஏங்கிட்டதான் இருக்கும், பாருங்களேன்."

அதுவரை என் மனசில் ஒரு மூலையில் தயக்கம் இருந்தது. அவள் அதைச் சொன்ன பிறகு இல்லை.

சீயக்காய் போட்டேன். கண்ணை மூடிக்கொள் என்றேன், மூடிக்கொண்டாள். பிள்ளைகளுக்குத் தலை அலசும்போது தண்ணீருக்குள் அமிழ்த்தி மூன்று எண்ணுவேன். பயப்படாமல் இருப்பதற்காக அவர்களையும் என் கையில் விரலால் தட்டி எண்ணச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். வடிவு எண்ணினாள். என் முழங்கையில் மூன்று முறை தட்டினாள். மூன்றுக்குப் பிறகு நான் கையை எடுக்கவில்லை.

பிறகும் சிறிது நேரம் தட்டினாள். நான் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கரையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். மாடக்கண்ணு புறப்படத் தயாராக, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தி, தலையில் இருந்த சீயக்காயைத் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"காலு வழுக்கிட்டாம்மா?"

"ஆமாம்" என்றேன்.

"எங்கக்கா மொகமேதான். நேத்து நான் சரியாக்கூடப் பாக்கல, காலையில பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க மனசு விடாதிய தாயி. ஒங்களுக்கு இன்னும் அத்தன பிள்ளைய இருக்கு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிராம முன்சீப் வந்து பார்த்து, கால் வழுக்கி விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனார். வடிவு போட்டுக்கொண்டு போவதற்காக நான் ஒரு புதுப்பாவாடை தைத்து வைத்திருந்தேன். அதைத் தன் மூத்த மகளுக்குக் கொண்டுபோகலாமா என்று மாடக்கண்ணு கேட்டார். கொடுக்கவில்லை. அவள் முந்தின நாள் அதைப் போட்டுப் பார்த்திருந்தாள். அடுப்பில் போட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் அது அவர் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான்.

அதன்பிறகு ஆறு நாள் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஏழாம் நாள், அதாவது தை பத்தொன்பதாம் தேதி, காலையில் தொண்டை பார்க்கும்போது மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு உள்ளே சிவந்திருந்தது. அவன் முன்னாலேயே வடிவிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும். வெளியே தெரிய நாளாகியிருக்கிறது. அவ்வளவுதான். டாக்டருக்கு ஆள் அனுப்ப எழுந்தேன். அதற்குள் அவர் வண்டியே வாசலில் வந்து நின்றது.

கையில் ஓர் உறை இருந்தது. என்னை உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

"கிண்டியிலருந்து வந்திருக்கு. வடிவு தொண்டையில ஒண்ணுமில்ல."

உறைக்காகக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"எந்தப் பிள்ள தொண்டையிலயும் ஒண்ணுமில்ல. அன்னத்தாய்க்கும் இல்ல. நீலாம்பாளம்மா, ஒங்களுக்கு எப்பமாவது தொண்ட வலிச்சுதா? செல்லையா செத்த சமயத்துல?"

நாலைந்து நாள் கரகரப்பு இருந்தது, உப்புத் தண்ணீரில் கொப்புளித்தேன், சரியாகப் போயிற்று என்று சொன்னேன். காய்ச்சல்கூட இல்லை. அதைப் போய் ஒரு விஷயமாக யாரிடமும் நான் சொல்லவில்லை.

டாக்டர் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இனிமே நீங்க பிள்ளைகள் பக்கத்துல போகக்கூடாது. இன்னைக்கே, இப்பமே. தோட்டத்து அறையில இருங்க. நான் பிள்ளவாள்ட்ட சொல்லுதேன். இது ஒங்க குத்தம் இல்ல, தெரியாம நடந்தது" என்றார். என்மேல் இரக்கப்பட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவருக்கு நடந்தது தெரியாது. தெரிந்தால் இந்த வீண்பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். அதனால் சொன்னேன். "அதற்கெல்லாம் அவசியம் இல்லை டாக்டர். நோய் இருந்த இடத்தை நான் அகற்றிவிட்டேன். அவள் கால் வழுக்கவில்லை. நான்தான் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டேன். இனி யாருக்கும் வராது."

அடுப்படி வாசலில் அன்னத்தாய் நின்றிருந்தாள். இடுப்பில் அந்தப் பதினொரு மாதக் குழந்தை. அவள் குழந்தையின் முகத்தை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். போலீசை அழைத்தது டாக்டர்தான். நான் ஓடவில்லை. அவர்கள் வரும்வரை சிவந்த தொண்டைப் பையனை மடியில் வைத்துக்கொண்டிருக்க நினைத்தேன், விடவில்லை.

தெரிந்துதான் செய்தேனா என்று கேட்டீர்கள். தெரிந்துதான். சுடலைவடிவு என்ற ஏழு வயதுப் பெண்பிள்ளையைத் தை பதின்மூன்றாம் தேதி காலையில் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கிண்டிக் கடிதத்தைப் பற்றி மட்டும் ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இருபத்துமூன்று குழாய்களுக்கும் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டியவள் நான். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார், நான் எழுதினேன். வடிவைத் தோட்டத்து அறையிலிருந்து கடைசியில்தான் அழைத்து வந்தார்கள். அவள் குழாயும் என் குழாயும் அடுத்தடுத்து வந்தன. ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம், இங்கே ஆறு வருஷம், மருந்துப் புட்டியானாலும் துணியானாலும் நான் ஒரு பெயரையும் மாற்றி எழுதியதில்லை. டாக்டரைக் கேளுங்கள், அவரும் சொல்வார். அன்றைக்கு மட்டும் மாற்றி எழுதிவிட்டேன். அந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அதை முதல் குற்றமாக எழுதிக்கொள்ளுங்கள்.